நம் வகுப்பின் ஒரே கல்யாணம்

திருச்சானூர்
4.12.1983

கிருபாவுக்கு,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடு. பழைய சண்டை எதையும் எழுதப் போவதில்லை.

நேற்று நாகபூஷணம் வந்தான். குடும்பத்தோடு அம்மன் தரிசனம் முடித்துவிட்டு, ரூம் கேட்டு எங்கள் லாட்ஜுக்கே வந்து நின்றான். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அவன். நல்ல தொப்பை, விரலுக்கு விரல் மோதிரம். "ஏமிரா சந்திரா, மேனேஜர் ஆயிட்டியா! கிருபா எங்கடா? வீட்டுக்குக் கூட்டிக்கினு போ, அவ கையால ஒரு காபி குடிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றான். "டூட்டிக்குப் போயிருக்கா" என்றேன். அது பொய்யில்லை. நீ அந்த நேரம் சித்தூரில் டூட்டியில்தான் இருந்திருப்பாய்.

அவன் இப்போது ரோடு காண்ட்ராக்டர். நம் பள்ளிக் கமிட்டியிலும் இருக்கிறானாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இருபது வருஷம் ஆவதால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நம்மோடு படித்த தமிழ்ப் பிரிவு எல்லோரையும் கூட்டப் போகிறான். ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. "நம்ம க்ளாஸ்ல நடந்த ஒரே கல்யாணம்டா உங்களுது. உங்க ரெண்டு பேருக்கும் மால போட்டுத்தான் மீட்டிங்கே" என்றான்.

மூன்றரை வருஷமாக நாம் பிரிந்திருக்கிறோம் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரியெல்லாம் அந்தத் தகரக் கொட்டகைதான் நினைவில் நின்றது. தெலுங்குப் பிரிவுக்கு மாடிக் கட்டடம், நமக்குக் கொட்டகை. மழை பெய்தால் வாத்தியார் வாயசைப்பதுதான் தெரியும். நீ முன் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, சத்தம் அடங்கும்வரை பின்னலைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாய். நகரியிலிருந்து வந்து சித்தூர் மிட்டூரில் மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கொட்டகைதான் வீடாக இருந்தது.

ஒரே ஒரு நாள். என்னோடு வா.

ஜெயச்சந்திரன்


சித்தூர்
10.12.1983

ஜெயச்சந்திரனுக்கு,

முதலில் ஒன்று. இனிமேல் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போடாதே. பக்கத்து போர்டில் இருக்கும் பெண்கள், காதில் மாட்டியதைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்பார்கள். எங்கள் தொழில் அது. சொல்ல வேண்டியதை எழுது.

இன்னொன்று. உன்னை 'நீங்கள்' என்று எழுதப் போவதில்லை. வகுப்பில் நீ எனக்கு 'நீ'தான். உன் அம்மாவுக்காக மாற்றிக்கொண்டேன். அவரும் இப்போது இல்லை.

உனக்குத் தகரக் கொட்டகை நினைவில் நின்றதாம். எனக்கு நிற்பது கரும்பலகை. நாம் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலை ஜெபம் முடிந்து உள்ளே வந்தால் பலகை முழுக்க என் பெயர், ஒரு கூட்டல் குறி, உன் பெயர். கொட்டகையே ஊளையிட்டது. இன்பசேகரன் சார் வந்து, "எந்தக் கழுத எழுதினது?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்து நின்றாய். பிரம்பு ஒடிகிறவரை அடித்தார். நீ கையை இழுக்கவே இல்லை. நான் உன்னை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான்.

அப்பாவை வரச் சொல்லி அனுப்பினார்கள். சபையில் எல்லோருக்கும் புத்தி சொல்கிற உபதேசியார் ஜெபமணி, ஹெட்மாஸ்டர் அறையில் கைகட்டி நின்றார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பைபிளின் மேல் கைவைக்கச் சொன்னார். உன்னோடு எந்த உறவும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதற்குள் வகுப்பு முடிவு செய்துவிட்டது. நீ பேனா கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் லீவு போட்டால் உன்னைக் காரணம் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் சந்திரகிரிக் கோட்டைக்குப் போனபோது பாகாலாவில் வண்டி தவறிப்போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோமே, அங்கேதான் உன்னிடம் கேட்டேன். "நெஜமா நீதான எழுதின?" "ஆமா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பைபிளில் செய்த சத்தியத்தை மீறினேன்.

திருப்பதி ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நம் வகுப்புக்காரர்கள் டிபன் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவர்களில் யாராவது நம் வீட்டுப் படி ஏறினார்களா? அப்பா சாகிறவரை என்னை உள்ளே விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ போல் கடைசி வரிசையில் நின்றேன். வகுப்பிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. இவர்களுக்கு முன்னால் நான் மாலை போட்டுக்கொள்ள வேண்டுமா?

நம் ஒன்பது வயசு மல்லிகாவை, நான் நைட் டூட்டிக்குப் போன பிறகு, உன் அம்மாவோடு சேர்ந்து மலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடித்துக் கொண்டுவந்தாயே, அன்றைக்கே நம் கல்யாணம் முடிந்தது. நான் வரமாட்டேன்.

கிருபாபாய்


திருச்சானூர்
19.12.1983

கிருபாவுக்கு,

சண்டை வேண்டாம் என்றுதான் எழுதினேன். நீ மொட்டையில் கொண்டுவந்து நிறுத்துகிறாய்.

மல்லிகா டைபாய்டில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது அது. பிறகு அம்மாவுக்கே புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் கண்ண மூடறதுக்குள்ள கொழந்த முடிய குடுத்துட்டு வந்துடுடா, இல்லன்னா என் கட்ட வேகாது" என்று அழுதாள். உன்னிடம் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல். சம்மதிக்க மாட்டாய். அம்மாவும் மனசு வெந்தே போயிருப்பாள். முடி வளர்ந்துவிட்டது. அம்மா திரும்பி வரமாட்டாள்.

அதை விடு. வருகிற ஜூனில் மல்லிகா ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். நம் பள்ளியில், நம் பிரிவில் அவள் படிக்க வேண்டாமா? நாகபூஷணம் கமிட்டியில் இருக்கிறான். அப்பன் ஒரு ஊர், ஆத்தாள் ஒரு ஊர் என்கிற பேச்சு அந்தப் பள்ளியில் அவள் காதில் விழ வேண்டுமா? அங்கே நமக்கு நடந்தது போதாதா?

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போ. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜெயச்சந்திரன்


சித்தூர்
27.12.1983

ஜெயச்சந்திரனுக்கு,

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சரி.

வக்கீல் வெங்கடலட்சுமி ஒரு வருஷமாக மனுவைத் தயாராக வைத்திருக்கிறார். இருவரும் சம்மதித்துப் பிரிவதாக எழுதியிருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. உன்னுடையதுதான் இல்லை. 22-ம் தேதி நான் வருகிறேன். மாலை போட்டுக்கொள்கிறேன், சிரிக்கிறேன், உன் இலைக்கு நானே பரிமாறுகிறேன். மறுநாள் திங்கட்கிழமை நீ வக்கீல் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

மல்லிகா வரமாட்டாள். அவளை வைத்து நாடகம் வேண்டாம். சம்மதம் என்றால் ஒரு கார்டு போடு. கார்டில் 'சரி' என்று மட்டும் எழுது. எங்கள் தபால்காரர் படிப்பார்.

கிருபாபாய்


திருச்சானூர்
24.1.1984

என் கிருபா,

இப்படி எழுதினால் கோபப்படுவாய். படு.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் பச்சைச் சேலையில் வந்து இறங்கினாய். கொட்டகைக்குள் நுழைந்ததும் உன் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தாயே, அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நாடகத்தில் அது இல்லை. என் இலையில் உருளைக்கிழங்கை இரண்டாம் தடவை வைத்தாயே. எனக்குப் பிடிக்கும் என்பது இன்னும் உனக்கு நினைவிருக்கிறது. "ரெண்டு பேரும் அப்படியே இருக்கீங்க" என்று முனிகிருஷ்ணன் சொன்னபோது நீ என் தோள்மேல் கைவைத்தாய். கை நடுங்கியது. நடிக்கிற கை நடுங்காது.

பிறகு பஸ் ஸ்டாண்டில், என் வண்டி வருகிறவரை நின்றாய். பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். சிரித்ததை உன்னால் இல்லை என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் திங்கட்கிழமை வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை. வாக்கு மாறினேன் என்பாய். மாறினேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறவன் மனுஷனே இல்லை. இங்கே வந்துவிடு. இல்லையென்றால் நான் வேலையை விட்டுவிட்டுச் சித்தூர் வருகிறேன்.

நாகபூஷணம் மைக்கில் ஏதோ உளறினான். உன் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். சின்ன விஷயம். மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன்
ஜெயச்சந்திரன்


சித்தூர்
30.1.1984

ஜெயச்சந்திரனுக்கு,

சின்ன விஷயமா?

எனக்கு எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். நீ வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளத் தெரிந்தவன்.

மாலை போட்டாயிற்று. இன்பசேகரன் சாரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றினார்கள். கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. என் தலையைத் தடவி, "அன்னிக்கி இவன அடிச்ச அடி வீண் போகல. நல்லா இருங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஒப்புக்கொள்கிறேன், அந்த நிமிஷம் வந்த அழுகை நடிப்பில்லை. அப்பா இதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

உடனே நாகபூஷணம் மைக்கைப் பிடுங்கினான். "சார், மன்னிச்சிடுங்க சார், நீங்க அடிச்சது தப்பான ஆள! போர்ட்ல எழுதினவன் நான்!"

கொட்டகை அதிர்ந்தது. அன்றைக்கு ஊளையிட்டதே, அதே சத்தம்.

"மொதல்ல கிருபாவுக்கு நம்ம க்ளாஸ் சுந்தர்சிங் பேரத்தான் எழுதப் போனேன். அவனோட நைனா பாஸ்டரு, பெரிய கலாட்டா ஆயிடும்னு வுட்டுட்டேன். ஜெபத்துக்குப் போவாம இவன் பக்கத்து பெஞ்ச்சுல தலய குனிஞ்சிக்கினு இருந்தான். சரி, நகரிக்காரன், கேக்க ஆளில்லன்னு இவன் பேர போட்டுட்டேன். பாத்தீங்களா, ஒரு சாக்பீசு ஒரு குடும்பத்தையே உண்டாக்கிடிச்சு! எனக்கில்ல மால போடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு இது முன்பே தெரியும் என்பது அவர்கள் சிரித்த விதத்திலேயே தெரிந்தது. ஒப்பந்தப்படி நானும் சிரித்தேன். உன் தோளில் கைவைத்தது அதற்குப் பிறகுதான். விழுந்துவிடுவேனோ என்று பயந்து வைத்தேன். நடுங்கியது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய்.

பஸ் ஸ்டாண்டில் நின்றதும் உனக்காக இல்லை. நீயே சொல்வாய் என்று நின்றேன். வண்டி வருகிறவரை நீ ட்ராயிங் வாத்தியாரின் குடையைப் பற்றிப் பேசினாய்.

நீ அடிவாங்கியது உண்மை. அதற்காக அன்றைக்கும் எனக்கு வருத்தம், இன்றைக்கும் வருத்தம். ஆனால் பாகாலாவில் நான் கேட்டேனே. என் பெயரை எழுதும் அளவுக்கு என்னை நினைத்த ஒருவன் இருக்கிறான் என்றுதான் வீட்டை விட்டு வந்தேன். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. கேட்க ஆளில்லாத ஒரு பையன் இருந்தான். கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணாக என்னையும் ஆக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டே என்னோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாய்.

நீ எதையும் செய்கிறவன் இல்லை. மற்றவர்கள் செய்வதை உன்னுடையதாக்கிக்கொள்வாய். நாகபூஷணம் எழுதினான், நீ வைத்துக்கொண்டாய். உன் அம்மா மொட்டையடிக்கச் சொன்னார், நீ கூட்டிப் போனாய். இந்த ஒரு கையெழுத்தையாவது நீயாகப் போடு.

கிருபாபாய்


திருச்சானூர்
8.2.1984

கிருபாவுக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதில் மரியாதை இருக்காது.

எனக்குப் பதினான்கு வயசு. மாமா வீட்டில் மிச்சச் சோறு துன்னு, மாமா மகனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவன். சார் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்றால் யார் என்று கேட்பார். நாகபூஷணத்தின் பெயரைச் சொன்னால் சாயங்காலம் பள்ளிக்கு வெளியே எனக்கு என்ன நடக்கும்? எழுந்து நின்றேன். அது வீரமில்லை, பயம். நீ அதை வீரம் என்று பார்த்தாய். அதுவரை என்னை யாருமே அப்படிப் பார்த்ததில்லை. பாகாலாவில் நீ கேட்டபோது உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே "இல்ல" என்று சொல்ல எந்தப் பையனால் முடியும்?

சொன்னது பொய்தான். ஆனால் எழுதினது யார் என்று நாம் குடித்தனம் வைத்த பிறகு ஒரு நாளாவது நீ கேட்டிருக்கிறாயா? மல்லிகா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் யார்? உன் அப்பாவின் அடக்கத்தன்று கல்லறை வாசலுக்கு வெளியே, உள்ளே வரக்கூடாது என்று உன் அண்ணன் சொன்னதால், வெயிலில் நின்றவன் யார்? நாகபூஷணமா? நீ யாரை நேசித்தாய், என்னையா, பலகையில் எழுதினவனையா? எழுதினவனைத்தான் என்றால் நான்தான் ஏமாந்தவன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். மல்லிகாவை என்னிடமிருந்து பிரித்துவிட்டதாக நினைக்கிறாய். நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு எப்போது பகல் டூட்டி என்று அவளே சொல்வாள். அந்த நாளில் வந்து பள்ளி வாசலில் நிற்பேன். "நைனா, அம்மாக்கு சொல்லாத" என்பாள். என் பெண் என்னை வெறுக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜெயச்சந்திரன்


சித்தூர்
4.3.1984

ஜெயச்சந்திரனுக்கு,

உன் கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எட்டாவது நாள் கேட்டேன். எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தன நாளா?"

"நாம இங்க வந்ததுலேந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ டூட்டிய மாத்திக்குவ. நைனா வர முடியாது. அதான்."

"பொய் சொல்றது தப்புன்னு தெரியாதா?"

"நான் எங்கம்மா பொய் சொன்னேன்? நீ கேக்கவே இல்லியே."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அடித்திருப்பேன். ஒருவரிடம் மறைத்து மற்றவரைச் சந்தோஷப்படுத்துவதை இந்த வயசிலேயே வேலைபோலச் செய்கிறாள். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நீ. மறைத்தே ஆக வேண்டும் என்கிற வீட்டை நடத்தியது நான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில். நான் நேசித்தது எழுதினவனைத்தான். குடும்பம் நடத்தியது உன்னோடு. ஆஸ்பத்திரி வராந்தாவும் கல்லறை வாசலும் எனக்கு மறக்கவில்லை. அவற்றை நினைத்துத்தான் திருப்பதியில் அத்தனை வருஷம் இருந்தேன். இப்போது அவற்றை எண்ணிப் பார்த்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்பக் கால் எழவில்லை. இதற்குமேல் நேர்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. வீட்டுக்கு வா. முன்வாசல் வழியாக வா. அவள் என் கண்ணெதிரே ஒருமுறை உன்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

கிருபாபாய்


திருச்சானூர்
14.3.1984

கிருபாவுக்கு,

சாப்பாடு நன்றாக இருந்தது. மல்லிகா ஒரு வாய் சாப்பிடுவதற்குள் உன்னை ஒரு தடவை பார்ப்பாள், என்னை ஒரு தடவை பார்ப்பாள். யாருக்குக் கோபம் வரும் என்று பார்க்கிறாள். நான் மோர் கேட்டபோது நீ எழுந்திருப்பதற்குள் அவள் எழுந்து ஓடினாள். நான் உன்னிடம் கேட்டது சண்டையில் முடியுமோ என்று பயந்து ஓடினாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமலே அங்கிருந்து நேராக வக்கீல் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்று திட்டினார், ஆனாலும் மனுவை எடுத்துக்கொடுத்தார். போட்டுவிட்டேன். நானாகத்தான் போட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளை நம் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் சேர். என்ன இருந்தாலும் நமக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கொட்டகை ஒன்றுதான்.

ஜெயச்சந்திரன்


சித்தூர்
20.6.1984

ஜெயச்சந்திரனுக்கு,

நீ கேட்டபடி மல்லிகாவை நம் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். நாகபூஷணமே வாசலுக்கு வந்து, "நம்ம க்ளாஸ் கொழந்த!" என்று அவளைத் தோளில் தட்டி எல்லோரிடமும் காட்டினான். கொட்டகையைக் காட்டினான். உன் பெஞ்ச், என் பெஞ்ச், பலகை இருந்த சுவர். கதை முழுவதையும் சொன்னான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "எனக்கு இந்த ஸ்கூல் வேணாம்மா. வேலூர்ல ஆஸ்டல் இருக்குல்ல, அங்க போட்டுடு."

"ஏன், இங்க என்ன கொற?"

"இங்க எல்லாரும் உங்க ரெண்டு பேரத்தான் பாப்பாங்க. என்ன யாரும் பாக்க மாட்டாங்க. உங்க க்ளாஸ் கத கேட்டுக் கேட்டுப் போதும்மா. எனக்குன்னு ஒரு க்ளாஸ் வேணும்."

அழுது பார்த்தேன். அசையவில்லை. எந்த வகுப்பில் படிக்கும்போது எனக்கு இந்தப் பிடிவாதம் இருந்திருக்க வேண்டுமோ, அதே வகுப்பில் அவளுக்கு இருக்கிறது. திங்கட்கிழமை வேலூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை.

வார்டன் அம்மா, மாதம் ஒரு ஞாயிறுதான் பார்க்க வரலாம் என்றார்கள். யார் வருவார்கள் என்று அவளிடமே கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "ஒரு மாசம் நைனா, ஒரு மாசம் அம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா வர வேணாம்."

ஜூலை உன்னுடையது. போய் வா. அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் எனக்கு எழுதாதே.

கிருபாபாய்